சாக்கில் இருந்தது என்ன?

ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் சார். கறிக்கடைக்குக்கூட என் மனைவி ரேவதிதான் போவாள். உத்திரமேரூரில் ஏழு வருடமாக டிவி நிருபராக இருந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

குழந்தை கடத்தும் கும்பல் பற்றிய செய்தி, சம்பவத்துக்கு முந்தின நாள் சேனலுக்கு நான் அனுப்பியதுதான். வாட்ஸ்அப்பில் வந்தது. "ஊருக்குள் குழந்தை கடத்தும் கும்பல்?" என்று கேள்விக்குறியோடு அனுப்பினேன். கேள்விக்குறி இருந்தால் அது குற்றச்சாட்டு ஆகாது.

மறுநாள் காலை, திருப்புலிவனம் தாண்டி ஒரு கிராமத்தில் ஆளைப் பிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. போனேன். பிடிபட்டவர் பெயர் சின்னப்பையன், வயலில் எலி பிடிக்கிறவர். சாக்கும் கையுமாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்திருக்கிறார். நாலு அடி விழுந்ததுமே சத்துணவு அமைப்பாளர் கண்ணகி அக்கா அவரைச் சமையலறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார். நான் போனபோது கூட்டம் ஓய்ந்து, பாதிப் பேர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஸ்டேஷன் நம்பர் உங்கிட்ட கீதுல்ல? ஒரு போன் போடு. வந்து இட்டுக்கினு போவட்டும்," என்றார் அக்கா.

தள்ளிப் போய் போன் போட்டேன். சென்னையில் செய்திப் பிரிவில் ஸ்ரீரஞ்சனி எடுத்தார். "பூட்டின கதவை வெச்சு நான் என்ன பண்றது? ஆள் முகம் வேணும்," என்றார். நியாயமான பேச்சு.

திரும்பி வந்து, "இன்ஸ்பெக்டர் வந்துக்கினே கீறாராம். ஆளை வெளிய நிறுத்தச் சொன்னாரு," என்றேன். மன்னிக்க வேண்டும், உங்கள் பெயரைத்தான் சொன்னேன்.

அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசந்தான்க்கா."

திறந்தார். வெளிச்சத்துக்காகச் சின்னப்பையனை மைதானத்து நடுவில் நிறுத்தினேன். சாக்கில் என்ன என்று கேட்டேன்.

"எலிதான் சாமி," என்று அவிழ்த்துக் காட்டினார். ஆறேழு எலிகள். நின்றவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் எலியை யார் செய்தியில் போடுவார்கள்? "பிள்ளைங்கள எங்க வெச்சிக்கீற?" என்று உரக்கக் கேட்டேன். அதுவும் கேள்விதான் சார்.

கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள்.

பதினோரு நிமிடம் கேமரா ஓடியது. திரையில் பார்த்ததால் எனக்குத் தலை சுற்றவில்லை. குறுக்கே விழுந்த கண்ணகி அக்காவுக்குக் கை ஒடிந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது சின்னப்பையனுக்கு உயிர் இல்லை. முகத்தை மங்கலாக்கி, இளகிய மனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கையோடுதான் ஒளிபரப்பினார்கள். அந்த வாரம் அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். ஊடகங்களில் வன்முறை பற்றிய விவாதத்துக்கும் என்னையே கூப்பிட்டார்கள், கவலையோடு பேசினேன்.

ஸ்டேஷனுக்கு நான் போன் செய்யவே இல்லை. என் பொய்யை நம்பித்தான் அக்கா கதவைத் திறந்தார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சின்னப்பையன் தரையில் கிடந்து என் காலைப் பிடித்தபோது நான் சும்மா நின்றதாக அக்கா சொல்கிறாரே, அதை மட்டும் குற்றமாக எழுதாதீர்கள். நடக்கிற சம்பவத்தில் நிருபர் தலையிடக் கூடாது சார். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.