உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

உங்கள் கம்ப்யூட்டர் இப்படி இரைவதற்குத் தூசிதான் காரணம், மேடம். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறியை ஒரு பிரஷ்ஷால் துடைத்தால் போதும். புதிதாக வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் தொழிலில் அப்படிச் சொல்லியே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. என் கடைக்கு ரிப்பேருக்கு வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள். எழுதுகிறவருக்கும் கை வலிக்கும் அல்லவா.

எனக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். தாயில்லாப் பிள்ளை என்பதால் தலை பின்னிவிடுவதிலிருந்து எல்லாம் நான்தான். அவளுக்கு இமெயில் திறந்து கொடுத்ததும் நான்தான். பாஸ்வேர்டு நான் வைத்தது. அது மறந்துபோனால் வரும் ரகசிய எண்ணும் என் போனுக்குத்தான் வரும். வளர்ந்த பிறகும் அவள் அதை மாற்றவில்லை. "அப்பாவுக்குத் தெரியாம எனக்கு என்ன இருக்கு?" என்பாள்.

அவள் படித்தது கடலைப் பற்றி. வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டாள். போடட்டும், கிடைக்கவா போகிறது என்று இருந்துவிட்டேன். கிடைத்துவிட்டது. கடிதத்தை முதலில் படித்தவன் நான்தான். சளி பிடித்தால்கூட எழுந்திருக்க மாட்டாள், மேடம். அங்கே யார் வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள்?

அதனால் அவள் பெயரில் பதில் எழுதினேன். குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று. மரியாதையாகத்தான் எழுதினேன். அவர்கள் கடிதத்தை அழித்தேன். அந்த நிலையத்தின் முகவரி மாதிரியே ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து பாப்பாவுக்கு, இடமில்லை என்று ஒரு கடிதம் அனுப்பினேன். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் முகத்தில் அடித்தாற்போல் இரண்டு வரி வருமாம். நான் அப்படி எழுதவில்லை. உங்கள் உழைப்பு வீண்போகாது, மனம் தளராதீர்கள் என்றெல்லாம் ஆறுதல் சொன்னேன்.

மறு வருடமும் போட்டாள். வேறு இடங்களுக்கும் போட்டாள். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். "நான் எதுக்குமே லாயக்கில்லப்பா" என்பாள். "அப்படிச் சொல்லாதம்மா, அவங்களுக்குக் கொடுத்து வைக்கல" என்று தலையைத் தடவிக் கொடுப்பேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன் என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகமே சொல்கிறது. நான் ஆட்டினேன், மேடம், அவ்வளவுதான்.

தப்பு நடந்தது ஓரிடத்தில். கடைசிக் கடிதத்தின் முடிவில், பழக்கதோஷம், 'வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டேன். அப்போது அவள் சரியாகவே சாப்பிடுவதில்லை, அந்தக் கவலை எனக்கு. பாப்பா கவனிக்கவில்லை. அவளோடு படித்தவன் ஒருவன், அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன், நெட்டையன் என்று கூப்பிடுவோம், அவன்தான் படித்துவிட்டுச் சிரித்தான். "எந்த ஆபீஸ்ல இப்படி எழுதுவாங்க? போன் பண்ணிக் கேளு" என்றான்.

கேட்டாள். "நீங்களேதான வேண்டாம்னு எழுதினீங்க" என்றார்களாம். பாப்பா நேரே என் கடைக்கு வந்து லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். "யாரோ என் பேர்ல புகுந்திருக்காங்கப்பா. நீங்கதான் கண்டுபிடிக்கணும்." திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தேன். யாரையாவது காட்டித்தானே ஆக வேண்டும்?

நெட்டையனின் லேப்டாப் அப்போது திரை உடைந்து என் கடையில் கிடந்தது. நல்ல திரையாகவே மாற்றிக் கொடுத்தேன். நான் எழுதிய கடிதங்களையும் அதற்குள் வைத்தேன். அவளைப் பிரிய மனமில்லாமல் அவன்தான் செய்திருக்கிறான் என்று சொன்னேன். மற்றது உங்களுக்கே தெரியும், அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தது நீங்கள்தானே. அவன் அம்மா கடை வாசலில் வந்து நின்று, "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லீங்க, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க" என்று கும்பிட்டார். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து பாப்பாவுக்குப் பேச்சில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஊட்டிவிட்டால் இரண்டு வாய் சாப்பிடுவாள். ஆனாலும் வீட்டில் இருந்தாள்.

போன வாரம் அந்த நிலையத்துக்காரர்கள் அவள் போனுக்கே கூப்பிட்டுவிட்டார்கள். நடந்ததைக் கேள்விப்பட்டு, அந்த இடத்தை அவளுக்கே கொடுக்கிறார்களாம். பேசிய பேச்சை அழிக்க எனக்குத் தெரியாது. பரண்மேல் இருந்த பெட்டியை அன்றைக்கே இறக்கினாள். "போறேம்ப்பா. இங்க இருந்தா செத்துருவேன்" என்றாள். கெஞ்சினேன். காலில் விழாத குறை. அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"உங்கமேல யாருக்கும் சந்தேகமே இல்லையே, நீங்களா எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளட்டும், படிக்க நன்றாக இருக்கும். அடுத்தவர் கணக்கில் நுழைந்தது, ஆள்மாறாட்டம், போலிக் கடிதம், பொய்ச் சாட்சி, எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள். எல்லாம் நான்தான் செய்தேன். நெட்டையனை விட்டுவிடுங்கள். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள்.

அவளுக்கு நாளைக் காலையில் விமானம். இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், மேடம். ஏன் தயங்குகிறீர்கள்? கைது செய்தால் வீட்டு ஆளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அதுதான் விதி. படித்துவிட்டுத்தான் வந்தேன். வக்கீல் வைக்க, மாற்றுத்துணி கொண்டுவர, எனக்கு அவளை விட்டால் யாரும் கிடையாது. என்னதான் கோபம் இருந்தாலும், பெற்ற அப்பனை ஜெயிலில் போட்டுவிட்டு என் பாப்பா எங்கேயும் போக மாட்டாள்.