பட்டா இல்லாத பெயர்கள்

அரியலூர் வெயிலுக்கு என் வேலை சுகமான வேலைதான் ஐயா. சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும்தான் ஏ.சி. உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று போர்டு வைத்ததால் உள்ளே யாரும் வருவதில்லை. மூன்று வருடத்தில் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டவர் ஒரே ஒருவர். மெஷின் பழுது பார்க்கத் திருச்சியிலிருந்து வந்த அரங்கநாதன் சார்.

முதல் தடவை ஃபைல் கெட்டது என்னால் அல்ல. எண்பத்தாறு ஆடியில் கரண்ட் போய் வந்ததில், கேன்டீன் பட்டியலுக்குள் பஸ் பட்டியல் புகுந்துவிட்டது. சார் இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து தேடினார்.

"ஒரே மனைக்கு ரெண்டு பேர் பட்டா வாங்கியிருக்காங்க, ராமலிங்கம். மனை அப்படியேதான் இருக்கு. பதிவுலதான் தப்பு" என்றார்.

எந்த ஃபைல் டிஸ்கில் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. அதில் ஓர் எண் மாறினால் போதும் என்று காட்டினார். மதியம் தன் தயிர்சாதத்தில் பாதியை என் டப்பாவில் தள்ளினார். அவர் பஸ் ஏறிய பிறகு அந்த ஏ.சி. சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் நானே ஓர் எண்ணை மாற்றினேன். சார் வந்தார். ஐப்பசியில் மறுபடி மாற்றினேன். மறுபடி வந்தார். அதற்கும் அடுத்த தடவை மேனேஜர், "கேன்டீன் லிஸ்ட்டுக்கெல்லாம் திருச்சிக்குப் போன் போட முடியாதுப்பா" என்றார். நியாயம்தான். ஆகவே முக்கியமான ஃபைலாகப் பார்த்து எடுத்தேன்.

அது பென்சிலின் ஊசி ஆகாதவர்களின் பட்டியல். பாதியிலேயே முடிந்துவிட்டதாக அட்டவணையில் குறித்தேன். மீதிப் பெயர்கள் டிஸ்கில் பத்திரமாக இருந்தன, பட்டா மட்டும்தான் இல்லை. ஃபைல் கெட்டுவிட்டது என்று மேனேஜரிடம் சொன்னேன். சார் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

பத்து மணிக்கு ஆலை மருந்தகத்து நர்ஸ் பொன்னுத்தாய் ஓடிவந்தார். குன்னத்துப் பெரியசாமியின் கால் இயந்திரத்தில் நசுங்கி, நினைவில்லாமல் கிடக்கிறாராம். பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன்.

"முழுசா இருக்கா தம்பி?"

"இருக்குங்க."

இல்லை என்று சொன்னால் பீரோவைத் திறந்து, இந்தப் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருந்த பழைய நோட்டை எடுப்பார். அதைப் பார்த்துத் திரும்ப டைப் அடி என்று மேனேஜர் சொல்லிவிடுவார். அப்புறம் சார் எதற்கு வருவார்? பெரியசாமியின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றியவன் நான்தான். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போகிற மனிதர் அவர்.

ஊசி போட்ட கால் மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டார். சார் வந்து பத்தே நிமிடத்தில் எல்லாப் பெயர்களையும் மீட்டார். மீட்ட பாதியில், மூன்றாவது வரியில் பெரியசாமி இருந்தார்.

"இது தானா கெட்டதில்ல. யாரு பண்ணது?"

நான்தான் சார், நீங்கள் வரவேண்டும் என்றுதான், என்றேன். அவர் எழுந்து வெறுங்காலோடு வெளியே போய்விட்டார்.

சாரின் செருப்பு இன்னும் அறை வாசலில்தான் கிடக்கிறது ஐயா. நல்ல தோல் செருப்பு, அதை எடுக்க எப்படியும் வருவார். அன்றைக்கு ஒரு மணி நேரம் மட்டும் இந்த லாக்கப்பிலிருந்து என்னை அங்கே கூட்டிப்போனால் போதும்.