போன்சாய்க்குள் ஒரு ஸ்க்ரூ

ஹெப்பகோடி பஸ் வழக்கம்போல சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி அட்டை. ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "பொணத்தோட உயிரைச் சேர்த்து ஸ்க்ரூ போட்டுட்டேண்டி."

தோழி போனை மடியில் கவிழ்த்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்காரரோட போன்சாய். ஆன்சைட்னு வெளிநாட்டு வேலைக்குப் போறப்போ, புள்ளை மாதிரி பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனார். தண்ணி ஊத்த மறந்துட்டேன். காஞ்சு கட்டையாயிடுச்சு."

"நாப்பது வருஷத்து மரம்னு வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவாரே, அதுவா?"

"அதேதான். யூடியூப் பாத்தேன். செத்த கட்டையில நீளமா பள்ளம் தோண்டி, அதே ஜாதிச் சின்னச் செடியை அதுக்குள்ள அழுத்தி ஸ்க்ரூ போட்டா, ரெண்டும் ஒரே மரமாத் தெரியுமாம். நர்சரில செடி வாங்கினேன். பக்கத்து வீட்டு கௌடா அங்கிள்கிட்ட ட்ரில் வாங்கினேன்."

"நாளைக்கு அவர் திரும்பி வந்ததும் கண்டுபிடிச்சிட்டார்னா?"

"பிடிக்கட்டுமே. கட்டையோட பின்பக்கம் ட்ரில்லை வச்சா, டொக்குனு இடிக்குது. பாசியைச் சுரண்டிப் பாத்தா, துருப்பிடிச்ச ஸ்க்ரூ! ஏற்கெனவே ஒரு பள்ளம், அதுக்குள்ள வேற ஒரு செடி. நான் காயவிட்டது அவர் ஒட்டவச்ச செடியைத்தாண்டி. அசல் மரத்தை மனுஷன் எப்பவோ கொன்னுட்டார்."

தோழி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா அவர்கிட்ட?"

"எதுக்குக் கேக்கணும்? அதே பள்ளத்துல என் செடியை வச்சு முடுக்கிட்டேன். கழட்டின பழைய ஸ்க்ரூவைப் பத்திரமா வச்சிருக்கேன். நாளைக்கு அவருக்குச் சாப்பாட்டு இலை போட்டு, ஊறுகாய் வைக்கிற இடத்துல அதை வைப்பேன்."