அபுதாஹிர் மாட்டாத கார்டு

வா மாஜிதா, இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், அது காற்றைவிடத் தூசியைத்தான் அதிகம் கொட்டும். சீனியம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேவதானம் போயிருக்கிறாள். சமுத்திரம் கடையில் இருக்கிறான், சாப்பாட்டுக்குத்தான் வருவான். அதுவரைக்கும் நாம் இரண்டு பேர்தான்.

உங்கள் அத்தா அபுதாஹிர் சொல்லியனுப்பியதைக் கேட்டேன். எழுந்து உட்கார முடியாத மனுசர், மகளை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறச் சொல்லி, "அங்கா அக்காகிட்டப் போய் எனக்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு வாங்கிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார். அன்றைக்கே கம்ப்யூட்டரில் அந்தக் கார்டை மாட்டியிருந்தால் சமுத்திரத்தின் கண் போயிருக்காது என்று இத்தனை வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராமே. மன்னிப்பைப் பொறவு தருகிறேன். முதலில் ஒரு கதை சொல்கிறேன், கேள். சின்னதில் உங்கள் கம்ப்யூட்டர் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "பெரியம்மா, பூதக் கதை" என்று என் சேலையைப் பிடித்து இழுத்த பிள்ளைதானே நீ. இதில் பூதம் கிடையாது. எல்லோரும் நம் ஆட்கள்தான்.

விளையாடுகிற பிள்ளைகளை நான் ஒருநாளும் வைததில்லை. அதை முதலில் தெரிந்துகொள்.

சமுத்திரம் எனக்கு மருமகன் ஆனது பொறவுதான். அதற்கு முன்னால் என் அண்ணன் மகன். அண்ணன் மலைச்சாமி பட்டாளத்தில் அவில்தாராக இருந்துவிட்டுத் தேவதானம் வந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் காலேஜ் படிக்க ராஜபாளையத்தில் என் வீட்டில்தான் இருந்தான். என் வீட்டுக்காரர் அப்போதே இல்லை. புண்ணாக்குக் கடையை நான்தான் பார்த்தேன். வீட்டில் நானும் சீனியம்மாளும் அவனும்.

சீனியம்மாள் பெரிய மனுசியானபோது, மாமன் முறைக்கு அண்ணன் சீர் கொண்டுவந்தார். குடிசை கட்டப் பச்சை ஓலையை வெட்டித் தோளில் சுமந்து வந்தவன் சமுத்திரம். மீசை முளைக்காத வயசு. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும், "ஏலே, உனக்குத்தாண்டா உள்ள உக்காந்திருக்கா" என்று கேலி பண்ணினார்கள். அவனும் சிரித்தான், அண்ணனும் சிரித்தார். அப்படிச் சொந்தம் கூடி நிற்கிற இடத்தில் சிரிப்பதும் வாக்குக் கொடுப்பதும் எங்களுக்கு ஒன்றுதான். என் மகள் அதை நம்பித்தான் வளர்ந்தாள். வேறு இடத்திலிருந்து கேட்டு வந்தவர்களை நானும் வாசலோடு அனுப்பினேன்.

தொண்ணூற்று ஒன்பதில் அவன் எஸ்.ஐ. செலக்‌ஷனுக்கு எழுதினான். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டான். ஓட்டமும் கண் டெஸ்ட்டும்தான் பாக்கி. தேறின சேதி வந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போலீஸ்காரக் குடும்பத்திலிருந்து பெண் கொடுக்கக் கேட்டு அண்ணன் வீட்டுக்கு ஆள் வந்து போனது. நான் கேட்டேன்.

"அண்ணே, புள்ளைகளுக்கு நாள் பாக்கலாமா?"

"ஏட்டி அங்கா, என்ன அவசரம். அவன் உடுப்பை மாட்டட்டும், பொறவு பேசுவம்."

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வயலைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது போதும். உடுப்பு மாட்டினால் பையன் எங்களுக்கு இல்லை.

அந்த வருசம்தான் லேப்டாப் வந்தது. உங்கள் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்து, மூடியில் இருக்கிற திரை உடைந்துபோனதென்று உங்கள் அத்தா கடையில் போட்டது. அதைச் சமுத்திரம் வாங்கி வந்து, பழைய மானிட்டர் ஒன்றை வயரில் இணைத்து, கூடத்து மேசையில் வைத்தான். காலையில் அய்யனார் கோவில் ரோட்டில் ஓட்டம். வந்து குளித்துச் சாப்பிட்டால் கம்ப்யூட்டரில் கார் ஓட்டம். கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் படம் நின்று நின்று நகரும். அவனுக்குப் பொறுக்காது. "அத்தை, டிஸ்ப்ளே கார்டை மாத்துனா வண்டி வழுக்கிட்டுப் போகும். அப்பாகிட்டக் கேட்டா செருப்பெடுப்பாரு. நீங்கதான் மனசு வைக்கணும்" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அதனால் அதை மாற்றலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவள் நானாகிவிட்டேன். லேப்டாப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உங்கள் கடைக்கு வந்தோம். உனக்கு நினைவிருக்காது, அன்றைக்கு நீ காய்ச்சலில் படுத்திருந்தாய்.

உங்கள் அத்தா பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். "லேப்டாப்புல பெரும்பாலும் மாத்தவே முடியாது அக்கா, எல்லாம் ஒரே பலகையில ஒட்டிட்டு இருக்கும். நல்ல வேளை, இந்த மாடல்ல கார்டு தனித் துண்டா இருக்கு. மெட்ராஸ்ல சொல்லி வரவழைக்கலாம்" என்றார். பொறவு தன் மானிட்டரில் இணைத்தார்.

"அக்கா, நேராப் பாக்காதிய. அந்தச் செவத்துக் காலண்டரப் பாருங்க. இப்ப ஓரக்கண்ணுல மானிட்டர் தெரியுதா? நடுங்குதா?"

"நடுங்குது."

"அதான். செகண்டுக்கு இத்தனை தடவைன்னு படத்தைத் திரும்பத் திரும்ப வரையும். இந்தக் கார்டுக்கு அம்புட்டு வேகம் இல்ல. அதான் நடுக்கம்."

"அண்ணே, வண்டி ஓடுமா, அதச் சொல்லுங்க. வளைவுல மாட்டுவண்டி கெணக்கா நிக்குது" என்றான் சமுத்திரம்.

"எஸ்.ஐ. ஆகப் போறவருக்கு என்னலே கேமு?"

"ஜீப்பு ஓட்டிப் பழகுதேன்."

"நீ ஓட்டுற லட்சணத்துக்குத் திருடன் தப்பிச்சிருவான், ஏட்டையாதான் செவத்துல முட்டிச் சாவாரு."

எல்லோரும் சிரித்தோம். பொறவு உங்கள் அத்தா என்னைப் பார்த்து, வியாபாரி மாதிரி இல்லாமல் தம்பி மாதிரிச் சொன்னார். "உள்ளதச் சொல்லுதேன் அக்கா. வெளையாட்டுக்கு மட்டும்னா பாதிக்குப் பாதிதான். கார்டு புதுசானாலும் பெட்டியோட மூளை பழைய மூளைதான. அடுத்த வருசம் வர்ற கேமுக்கு இதுவும் பத்தாது. ஆனா பையன் நாள் பூரா உக்காருதான். கண்ணுக்குன்னா மாத்திருங்க."

"மாத்தாட்டி?"

"எரியும், செவக்கும், தண்ணியா ஊத்தும்."

"பார்வை போயிருமா?"

"நான் என்ன டாக்டரா? நல்லதுக்கு இல்ல, அம்புட்டுத்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். "பாதிக்குப் பாதின்னு அவரே சொல்லுதாருல்ல, எதுக்கு வீண் செலவு" என்றேன். "சரி அத்தை" என்றான். என் சொல்லைத் தட்டாத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளையை வேறு வீட்டுக்கு விட எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும், நீயே சொல்.

அதற்குப் பொறவு அவன் விளையாட நான் எல்லா வசதியும் செய்து கொடுத்தேன். சாப்பாடு மேசைக்கே போனது. வெயில் கூசுகிறதென்று ஜன்னலைச் சாத்தினேன். கூடத்து டியூப் லைட் கெட்டுப்போனபோது புதிது மாட்டவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட்டேன். சீனியம்மாள், "போதும் மச்சான், எந்திரிங்க, கண்ணு கொவ்வைப்பழமா இருக்கு" என்பாள். "அவன் வெளையாடட்டும்ட்டி, வேலைக்குப் போயிட்டா எங்க வெளையாட" என்று அவளை அடக்குவேன். ஊரிலெல்லாம் என்னைப்போல ஒரு அத்தை உண்டா என்றார்கள்.

கண் சிவந்தது, எரிந்தது, தண்ணீராக ஊற்றியது. உங்கள் அத்தா சொன்னது எல்லாம் நடந்தது. நான் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி, அவன் தலையை மடியில் வைத்து, நானே ஊற்றிவிடுவேன். ஊற்றிவிட்டு ஊதிவிடுவேன். டெஸ்ட் நெருங்கும்போது அவனாகவே கண்ணாடிக் கடைக்குப் போய் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டிவிட்டு ஓடிவந்தான். "அத்தை, கடைசி வரிசை வரைக்கும் கடகடன்னு வாசிச்சிட்டேன். தலைவலி மட்டும்தானாம், பார்வை பளிச்சுன்னு இருக்காம்."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் என்னை ஏமாற்றிவிட்டது. மாதக்கணக்கில் நடுங்கி நடுங்கி ஒன்றும் செய்யவில்லை. கார்டை மாற்றியிருந்தாலும் ஒன்றுதான், மாற்றாவிட்டாலும் ஒன்றுதான். இது உங்கள் அத்தாவுக்குத் தெரியாது மாஜிதா. அவர் மாட்டாத கார்டால் அவன் கண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை.

மறுநாள் தேவதானத்துக்குப் போய் அண்ணனோடு வயலைச் சுற்றினேன். வரப்போரம் ஒரு செடி நிற்கும், ஒடித்தால் பால் வரும். பேர் சொல்லமாட்டேன், நீ சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரி. அதில் கொஞ்சம் கொண்டுவந்தேன். சாயங்காலம் அவன் எப்போதும்போல வந்து மடியில் தலை வைத்தான். "அத்தை, இன்னைக்கு ரொம்ப எரியுது, ரெண்டு சொட்டு சேத்து ஊத்துங்க" என்றான். வலது கண்ணில் மட்டும்தான் விட்டேன். இடது கண்ணை நான் தொடக்கூட இல்லை. டெஸ்ட்டில் ஒரு வரிசை தடுமாறினால் போதும் என்றுதான் நினைத்தேன், ஒரு கண்ணையே எடுக்க நினைக்கவில்லை.

அவன் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து பழசாயிருச்சா அத்தை" என்று மட்டும் கேட்டான்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, டாக்டர் வெளியே வந்து என்னிடம் மட்டும் கேட்டார். "ஏதாவது செடிப்பால், நாட்டு மருந்து ஊத்துனீங்களா?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பொறவு உள்ளே போய்விட்டார். அண்ணன் ஓடிவந்து, "என்ன சொன்னாரு" என்றார். "கம்ப்யூட்டர் பாத்துப் பாத்துப் புண்ணாயிருச்சாம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மற்றதை எல்லாம் ஊரே சொல்லிக்கொண்டது.

அண்ணன் உங்கள் கடைக்கு வந்து லேப்டாப்பைத் தரையில் போட்டு உடைத்ததை நீ பார்த்திருக்கிறாய். "பணம் வாங்கத் தெரியுதுல்ல, சொல்லத் தெரியாதாலே" என்று உங்கள் அத்தாவின் சட்டையைப் பிடித்தார். நான் கூடத்தான் நின்றேன். உங்கள் அத்தா என்னைப் பார்த்தார். கண்ணுக்குன்னா மாத்திருங்க என்று அவர் சொன்னதற்கு நான்தான் சாட்சி. "விடுங்கண்ணே, அவரு மனசறிஞ்சா செஞ்சாரு" என்று அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்கும் அவர் பின்னாலேயே வந்து என்னைக் கும்பிட்டார். "நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும் அக்கா. கைக்காசப் போட்டாவது மாட்டியிருக்கணும்" என்றார். அந்த முகம்தான் மாஜிதா, என்னைத் தூங்கவிடாத முகம் அதுதான். சமுத்திரத்தின் முகம்கூட இல்லை.

போலீஸ்காரக் குடும்பம் வரவேயில்லை. அடுத்த தைக்குள் அண்ணன் தட்டோடு வந்து என் வாசலில் நின்று, "தங்கச்சி, நீதான் இவனைக் கரையேத்தணும்" என்று அழுதார். நான் ஒரு நிபந்தனையும் போடவில்லை, ஒரு பவுன் கேட்கவில்லை. என் பெருந்தன்மையை இன்றைக்கும் பேசுவார்கள். சீனியம்மாள் அவனைத் தங்கம்போலப் பார்த்துக்கொள்கிறாள். அவன் வலப்பக்கம் அவள் நடப்பாள், ஆட்டோ கீட்டோ வந்தால் தெரியவேண்டும் என்று. கடையில் நல்ல வியாபாரம். உடுப்பு மாட்டி எங்கெங்கோ அலைந்து, எந்த ரவுடி கையில் வெட்டுப்பட்டுச் செத்திருப்பானோ. இப்போது கண்ணெதிரில் இருக்கிறான். சில நாள் சும்மா இருக்கும்போது அவன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்ப்பான். எதையோ சரிபார்க்கிற மாதிரி. நான் உள்ளே போய்விடுவேன்.

நான்தான் செய்தேன். மடியில் வைத்துக்கொண்டு, என் கையால், வேண்டுமென்றே செய்தேன். உன்னிடம் சொல்லியாயிற்று, என் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அழாதே தாயி, முகத்தைத் துடை. இதை நீ யாரிடம் சொல்லப் போகிறாய்? சீனியம்மாளிடம் சொன்னால் அவள் குடும்பம் போகும். அவனிடம் சொன்னால் இருக்கிற கண்ணுக்கும் வெளிச்சம் இருக்காது. உங்கள் அத்தாவிடமா? மூச்சுக்குத் திணறுகிற மனுசரிடம் போய் இதைச் சொல்ல உனக்கு மனசு வருமா? இத்தனை வருசம் சுமந்ததெல்லாம் வீண் என்று தெரிந்தால் தாங்குவாரா? அவர் கேட்டனுப்பியது மன்னிப்பு. அதையே கொண்டுபோய்க் கொடு. அங்கா அக்கா உங்களை மன்னித்துவிட்டாள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்.

சமுத்திரம் வருகிற நேரமாயிற்று, எழுந்துகொள். நீ நல்லா இருப்பாய் மாஜிதா. உன் வீட்டுக்கு ஒரு குறையும் வராது. உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். செய்யாத குற்றம் எதுவும் உன் வீட்டு ஆட்கள் தலையில் விழாமல் இருக்கட்டும்.