பதினொரு நிமிஷம் ஓடுற டெஸ்ட்

அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்கக்கா. மிச்சத்தை என்ன வேணா பண்ணுங்க. நம்ம சாஃப்ட்வேரைச் சோதிக்க நூத்தித் தொண்ணூறு டெஸ்ட் இருக்கு, அதுல பாதி தண்டச் சோறு. நானே கை காட்டி விடறேன், வெட்டுங்க. இந்தப் பதினொரு நிமிஷக்காரனை மட்டும் தொடாதீங்க.

தெரியும்க்கா. எல்லா டெஸ்ட்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்துல முடியணும்னு மேல சொல்லிட்டாங்க. டீம் லீடா வந்த முதல் வாரமே அதை உங்க தலையில கட்டிட்டாங்க. எவன் மெதுவா ஓடறான்னு தேடினா இவன்தான் முன்னாடி வந்து நிப்பான். உக்காருங்க, ஏன்னு சொல்றேன்.

ஐயோ, நான் பெரிய படிப்பெல்லாம் இல்லக்கா. எங்க கிராமத்துப் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டருக்கு உறை மாட்டிப் பூட்டி வெச்சிருப்பாங்க, தொட விட மாட்டாங்க. அதனால எனக்கு வாயில வர்ற மாதிரிதான் சொல்ல வரும். இந்த டிஸ்க் இருக்கே, இது மத்ததுங்க மாதிரி நினைச்ச இடத்துல எழுத விடாது. பேனாவில எழுதற நோட்டு மாதிரி. ஒவ்வொரு பக்கமும் மேல இருந்து கீழ எழுதிக்கிட்டே போகணும். நடுவுல திருத்த முடியாது. வேண்டாம்னா முழுப் பக்கத்தையும் கிழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். எதுவரைக்கும் எழுதியாச்சுன்னு டிஸ்க் ஒரு விரலை வெச்சுக்கிட்டே வரும். எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்கு வெச்சுக்குதே நம்ம ஃபைல் சிஸ்டம், அதுவும் தன் பங்குக்கு ஒரு விரல் வெச்சிருக்கும். எழுதும்போது பாதியில கரண்ட் போச்சுன்னு வைங்க, இது ஒரு வரியில நிக்கும், அது வேற வரியில நிக்கும். ரெண்டுக்கும் ஒத்து வரலைன்னா நம்மாளு என்ன பண்ணுவான்? இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கும்னு அவனே முடிவு கட்டிக் கிழிச்சுப் போட்டுடுவான். கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னு வேற சொல்லுவான், படுபாவி.

அதைப் பிடிக்கத்தான் இந்த டெஸ்ட். ஒரு சின்ன ஃபைலைத் திரும்பத் திரும்ப எழுதி, பக்கம் முடியற இடத்துக்குக் கொண்டு போய், பட்டுனு கரண்டைப் பிடுங்கும். மறுபடி உயிர் குடுத்து, ஃபைல் முழுசா இருக்கான்னு பாக்கும். அப்புறம் ஒரு அடி தள்ளி இன்னொரு வாட்டி. இப்படி நாப்பது வாட்டி. பதினொரு நிமிஷம் ஆகாம என்ன ஆகும்?

ஆமா, அந்தக் கோளாறைச் சரி பண்ணி மூணு வருஷம் ஆச்சு. அந்த மூலை சீட்ல இருக்காரே மீசைக்காரர், அவர்தான் சரி பண்ணினார். ஆனா நாளைக்கே எவனாவது புதுசா அதே இடத்துல கை வெப்பான்ல? விழுந்த பள்ளத்துல திரும்ப விழக் கூடாதுன்னுதானே நமக்கெல்லாம் சம்பளம்.

கண்டுபிடிச்சதா? நான்தான். ஆபீஸ்ல இல்ல, வீட்ல. என் திமிரைக் கேளுங்க. இங்க ஓரமாப் போட்ட டிஸ்க் ஒண்ணைக் கேட்டு வாங்கிட்டுப் போய், நம்ம சிஸ்டத்தையே அதுல ஏத்தி, வீட்டு ஃபோட்டோ வீடியோ மொத்தத்தையும் அதுல கொட்டினேன். ஃபோன்ல இடமில்லைன்னு அதுல இருந்ததையும் அழிச்சாச்சு. ஊரான் சாமானை நம்ப மாட்டேன், நானே சோதிச்சதுலதான் வெப்பேன்னு ஒரே பெருமை. இன்னொரு காப்பி எடுத்து வையேன்னு வீட்டுக்காரர் தலையால அடிச்சுக்கிட்டார். கேட்டேனா? ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போச்சு. வந்துச்சு. டிஸ்க்கும் வந்துச்சு. துடைச்சு வெச்ச தட்டு மாதிரி.

தோண்டி எடுக்க முடியாதான்னு கேக்காதீங்க. கிழிச்ச பக்கம் கிழிச்சதுதான், நம்ம தொழில்ல அது எனக்குத் தெரியாதா.

அழுதேனாவா? எங்கக்கா. மறுநாளே இங்க வந்து உக்காந்துட்டேன். நாலே நாள்ல இங்க இருக்கற டிஸ்க்கையும் அதே மாதிரி விழ வெச்சுக் காமிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டு நின்னேன்.

இருக்கட்டும்ங்கறீங்களா? நீங்க நல்லா இருக்கணும்க்கா. சுத்தைக் குறைக்கணும்னா குறைச்சுக்கோங்க, நாப்பதை இருபதாக்கினாக்கூடத் தாங்கும்.

என்னது? டெஸ்ட் எழுதற அந்தச் சின்ன ஃபைலை எடுத்துட்டு வெறும் பூஜ்யமாப் போட்டுடலாமா?

போடலாம். அளவு ஒண்ணா இருந்தா போதும், உள்ள என்ன இருந்தா அதுக்கென்ன. நீங்க சொல்றது சரிதான்.

ஒண்ணுமில்லக்கா, அந்த ஃபைல்ல இருக்கறது ஒம்பது செகண்ட் சிரிப்பு. வீட்டுக்காரர் பொய்த் தும்மல் போடுவார், எங்க மூத்தவ சிரிப்பா. வேற ஏதோ டெஸ்ட்டுக்குக் கைக்கு அகப்பட்டதுன்னு முன்னமே இங்க போட்டு வெச்சிருந்தேன். அதனால அது ஒண்ணு மிஞ்சிச்சு.

இல்லக்கா, அன்னிக்கு வாசல்ல செருப்பைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டு நின்னானே, அவன் ரெண்டாவது. மூத்தது பொண்ணு. ஒண்ணேகால் வயசு. காய்ச்சல். அவ போய் ரெண்டு மாசத்துலதான் அந்த டிஸ்க் போச்சு.

காப்பி இல்லாமலா? இப்ப அஞ்சு இடத்துல இருக்கு, எங்கம்மா ஃபோன்ல கூட இருக்கு. அதுக்கில்ல. எதையும் நான் திறந்து கேக்கறதில்லக்கா, முடியல. இங்கன்னா தினம் மத்தியானம் இந்த டெஸ்ட் ஓடி முடிஞ்சதும் திரையில ஒரு வரி வரும், ஃபைல் முழுசா இருக்குன்னு. அதைப் பாத்துட்டுத்தான் நான் சாப்பிட உக்காருவேன்.