ரெண்டு மில்லி

இல்ல தம்பி, வெட்ட மாட்டேன். வேற லேத் பட்டறைக்குப் போ. இந்தத் தெருவுலயே இன்னும் மூணு இருக்கு. கடைசிக் கடைக்காரன் நீ கேட்டா பானை அளவுக்குக்கூட ஓட்டை போட்டுத் தருவான். என்ன, இங்கதான் செய்யணும்னு சொல்லி அனுப்பிச்சாங்களா? சரி, அப்ப உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், ஒரே எண்ணெய். இப்படி வா.

எதுக்காம் இதைப் பெருசாக்கணும்? பிக்கப் இல்லையா? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். இந்தா, பாரு. இந்த த்ராட்டில் பாடி வழியாத்தான் இஞ்சினுக்குக் காத்து போகுது. நடுவுல இருக்கே தட்டு, நீ மிதிச்சா திறக்கும், காலை எடுத்தா மூடும். அவ்வளவுதான் இதோட உத்தியோகம். காத்தை இழுக்கறது இது இல்ல, இஞ்சின். அது எவ்வளவு இழுக்கும்ங்கறது அதைச் செஞ்சப்பவே முடிவாயிடுச்சு. ஆட்டுக்கு வாலை அளந்துதான் வச்சிருக்கு. வாசக்கதவை இடிச்சு அகலமாக்கினா உள்ள அறை பெருசாயிடுமா?

யாரு, இதை வெட்டினதும் உன் சிநேகிதன் வண்டி பறக்குதா? பறக்கும், ஏன் பறக்காது. முன்ன பாதி மிதிச்சா வர்ற காத்து இப்ப லேசாத் தொட்டாலே வந்துடும். வண்டி குதிக்கும். இவன் பவர் வந்துடுச்சுன்னு நெனச்சுப்பான். முழுசா மிதிக்கச் சொல்லு, அதே பழைய வண்டிதான். நெரிசல்ல ஊர்ந்து போகச் சொல்லு, முன்னாடி நிக்கறவனை முட்டாம ஓட்டினா நான் இந்தக் கடையை மூடிடறேன். பந்தயத்துக்குன்னு இஞ்சினையே பிரிச்சு, வால்வெல்லாம் மாத்தினவன் இதையும் பெருசாக்கினா அதுல அர்த்தம் இருக்கு. மார்க்கெட்டுக்குப் போய் வர்ற வண்டிக்கு எதுக்குய்யா?

எப்படித் தெரியுமா? செஞ்சு பாத்ததாலதான். ஒரு டாக்ஸிக்காரர் வண்டி. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வெட்டின பிறகு ஒரு தடவை, அதே மேடு, அதே கியர், கையில வாட்ச். முன்னயும் முப்பத்தோரு செகண்ட், பின்னயும் முப்பத்தோரு செகண்ட். ஓடிப் போய் என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். முன்பக்கம் மெக்கானிக் ஷெட் அவரோடது, பின்பக்கம் லேத் என்னோடது, அப்படித்தான் பதினாறு வருஷம் நடந்துச்சு. உனக்கு மிஷின் சுத்தத் தெரியும், வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்னார். அந்த மனுஷன் வெர்னியரைக் கையில எடுத்ததே கிடையாது. எல்லாத்தையும் காதாலயே அளப்பார். வெட்டறது நான், பேர் அவருக்கு. த்ராட்டில் டாக்டர்னு பட்டம் வேற. அந்த டாக்டருக்கு நான் நர்ஸுகூட இல்ல.

இரு, சொல்றேன். ஒருநாள் அவர் சொந்த வண்டியோடதைக் கழட்டிக் கொண்டாந்து வச்சார். உள்ள ரெண்டு மில்லிமீட்டர் வெட்டி எடு, சாயங்காலம் வேணும்னார். லேத் சக்குல மாட்டி முதல் தடவை தொடறேன், வெட்டற டூல் முனை உடைஞ்சு போச்சு. கையில வேற டூல் இல்ல, டூல் விக்கற கடையும் லீவு. சரி, நாளைக்கு வெட்டலாம்னு, சும்மா தின்னர் ஊத்திக் கரியைக் கழுவி, உப்புத்தாள் போட்டு மினுக்கி வச்சேன். நான் தண்ணி புடிக்கப் போன நேரம் மனுஷன் எடுத்து மாட்டிட்டார்.

ஒரு சுத்து சுத்திட்டு வந்தார் பாரு. சின்னப் புள்ள மாதிரி முகம். கரி போனதுல வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்திருக்கும், அவ்வளவுதான். என் கையைப் புடிச்சு, இந்தக் கை தங்கம்டின்னார். நான் வெட்டவே இல்லைங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரல.

சிரிக்காத. அதுக்கப்புறம் வந்த ஒண்ணையும் நான் வெட்டல. கழுவி, மினுக்கிக் குடுத்தேன். ஒருத்தன்கூடத் திரும்பி வந்து குறை சொல்லல. ஊர் பூரா அவர் பேர் பரவினது என் தின்னர் டப்பாவால. பேர் பரவினதும் பெரிய ரோட்டுல பெரிய ஷெட். பெரிய ஷெட்டுக்குத் தக்கன பெரிய மனுஷி ஒருத்தி. அதே வண்டியிலதான் அவளைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் போனார். தெருமுனையில ஒரு மிதி மிதிச்சார், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஆறு வருஷமாச்சு. நான் குடுத்த பொய்யில ஏறித்தான் அவர் போனார், இதுல யாரைப் போய்த் திட்டறது?

என்ன, முகம் ஏன் இப்படிப் போகுது? அவர்தான் அனுப்பினார்னு என்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரா? நீ துணியைப் பிரிச்சதுமே தெரிஞ்சுடுச்சு தம்பி. அந்த போல்ட் ஓட்டைக்குப் பக்கத்துல பாரு, ரெண்டு புள்ளி. நான் கையில வாங்கற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளி குத்துவேன், ரெண்டு குத்தினது அவர் சொந்த வண்டியோடதுக்கு மட்டும்தான். வெர்னியரை வச்சுப் பாரு, கம்பெனி அளவு அப்படியே இருக்கு.

ஷெட்டுல இத்தனை பேர் இருக்க, லேத் இத்தனை இருக்க, இதை மட்டும் இங்க அனுப்பத் தோணியிருக்கு பாரு அவருக்கு. அந்தக் கை நெனப்பு இருக்கு போல.

நான் வெட்டவே இல்லைன்னு போய்ச் சொல்லிடுவியா? வேணாம். பதினாறு வருஷத்துல என் வேலையை அவர் மெச்சினது அந்த ஒரு நாள்தான், அதுவும் நான் வேலையே செய்யாத நாள். வெட்கக்கேடுதான். ஆனா என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் எடுத்துட்டுப் போயிடாத. இப்படிக் குடு. அடுப்புக்கரி மாதிரி அப்பிக் கெடக்கு, பிக்கப் எங்கேந்து வரும்? அரை மணி உக்காரு, கழுவித் தரேன். ரெண்டு மில்லி எடுத்தாச்சுன்னு சொல்லு.