சலூன் கண்ணாடியில் பார்த்த மட்கார்டு

"மூணு நாளா சலூன்காரர் கண்ணாடியில யாருக்கும் முகம் காட்டலீங்க. உங்க மட்கார்டுக்கு மட்டுந்தான் காட்டுனாரு."

மாரண்டஹள்ளி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். அவர் தகர மேஸ்திரி. பழைய கார் ஒன்றுக்குப் புதிதாகத் தட்டிய வலது மட்கார்டு அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் காரின் சொந்தக்காரர்.

"வலது முழுசா துருவேறிப் போச்சுன்னீங்க. நீங்க அனுப்புன இடதைக் கண்ணாடி முன்னால வெச்சேன். உள்ள தெரிஞ்சது வலதுதானுங்களே? அதைப் பாத்துத் தட்டுனேன்."

"போல்ட்டு ஓட்டையுமா போட்டுட்ட?"

"போட்டுட்டேனுங்க."

"வண்டியப் பாக்காமயேவா! நாளைக்கு எம்பொண்ணு அதுல கல்யாண ஊர்வலம் போவணும்யா!"

"மட்கார்டு கச்சிதமா உக்காந்துக்குமுங்க."

இடது மட்கார்டு திரும்பப் பூட்டப்பட்டு, கார் பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே நின்றது. எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் பின்னால் போனேன். மேஸ்திரி மட்கார்டைப் பொருத்தி, ஐந்து போல்ட்டையும் விரலாலேயே திருகினார். ஐந்தும் தடங்கலில்லாமல் இறங்கின. சட்டைப் பொத்தானையே ஓட்டை மாற்றிப் போடுகிற நான் குனிந்து என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

சொந்தக்காரர் வலதுபுறமும் இடதுபுறமும் மாறி மாறிப் போய்ப் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க மேஸ்திரி. மொத சவாரி நீங்க போங்க. பொண்ணு நாளைக்குப் போவட்டும்."